மூச்சு முட்டினால் கையைத் தூக்கு

மூச்சு விடுவதற்காகச் சம்பளம் வாங்கிய ஆள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே துலுக்காணம் ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் மூச்சு வாங்க வாங்க உழைத்துக் கூலி வாங்கினார்கள். துலுக்காணத்துக்கு நாற்காலி போட்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் மூடியை மாட்டி, "விடுப்பா மூச்சை" என்று சொல்லிச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை என்கிற வயிற்றெரிச்சல்.

எழுபத்து மூன்றாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தைத் தாண்டி மேடும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தில் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் அப்போதுதான் கொட்டகை போட ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்று தணிகாசலத்தினுடையது. அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் அண்ணன் தம்பியெல்லாம் தறியில் உட்கார, இவர் மட்டும் சென்னைக்குப் போய் ரசாயனம் படித்தார். படித்தவர் ஏதாவது ஆபீசில் உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கியிருக்கலாம். அவருக்குத் தலையெழுத்து, சோடா சுண்ணாம்பு செய்யப்போகிறேன் என்று கிளம்பினார்.

சோடா சுண்ணாம்பு என்றால் என்னவென்று அவரே கூலியாட்களை உட்கார வைத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்கிற இடத்தில் மயக்க மருந்து மெஷின் இருக்கிறது. நோயாளி விடுகிற மூச்சு அந்த மெஷினுக்குள் போய், அதே மூச்சு மறுபடியும் அவருக்கே திரும்பி வருகிறது. மருந்து வீணாகக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் விட்ட மூச்சில் கரியமில வாயு இருக்கிறதே, அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் ஆள் காலி. அதனால் நடுவில் ஒரு டப்பா. டப்பா நிறையச் சோடா சுண்ணாம்புக் குருணை. மூச்சு அந்தக் குருணைக்குள் புகுந்து போகும்போது, கரியமில வாயுவை மட்டும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இதெல்லாம் கப்பல்ல வந்துக்கினு இருந்த சரக்கு. இப்ப இறக்குமதி லைசென்ஸ் கிடைக்கிறது குதிரைக் கொம்பா இருக்கு" என்றார் தணிகாசலம். "பழவேற்காட்டு ஏரியில கிளிஞ்சல் மலை மலையாக் கிடக்கு. அதைச் சுட்டா முதல் தரமான சுண்ணாம்பு. நாம ஏன் கப்பலைப் பார்த்துக்கினு உக்காரணும்?"

கிளிஞ்சல் என்றால் அது துலுக்காணத்தின் தொழில். ஏரியோரக் குப்பத்தில் பிறந்து, முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஆழத்தில் முங்கி, கூடை கூடையாக அள்ளி வளர்ந்தவன். முங்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் முழுக்கை எல்லாரும் ஒன்றாகப் போட வேண்டும். முதலில் தலையை வெளியே நீட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பொழுது சாயும்வரை தவக்களை என்றுதான் பெயர். கட்டின பெண்டாட்டி கூட அப்படித்தான் கூப்பிடுவாள். துலுக்காணம் ஒருநாளும் தவக்களை ஆனதில்லை. நெஞ்சு வெடிக்கும், காதுக்குள் பம்பை அடிக்கும், அப்போதும் அடிமண்ணைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். கடைசியில் அந்தக் காதே அவனைக் கவிழ்த்துவிட்டது. சீழ் வைத்து, இனிமேல் தண்ணீருக்குள் போனால் முழுச் செவிடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவன் அழுத அழுகை பெண்டாட்டி பச்சையம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவனும் பச்சையம்மாவும் தணிகாசலத்தின் கொட்டகையில் சூளைக்குக் கிளிஞ்சல் கொட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தார்கள். பிறகுதான் நாற்காலி வந்தது. ஒரு தடவைக்குப் பிசைந்து உலர்த்துகிற ஒவ்வொரு ஈடு குருணையையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரு மனிதன் அதன் வழியாக மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும் என்று தணிகாசலம் சொன்னார். யார் உட்காருவது என்ற பேச்சே எழவில்லை. மூச்சு என்றால் துலுக்காணம்தான் என்று எல்லாரும் அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். தணிகாசலத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. நெஞ்சில் பலம் உள்ள ஆள்தானே இதற்கு வேண்டும்? இப்படித்தான் படித்தவரும் படிக்காதவர்களும் கூடி, ஒற்றுமையாகக் கோட்டை விட்டார்கள்.

சோதனை பெரிய கம்பசூத்திரம் இல்லை. டப்பாவில் குருணையை நிரப்பி, ஒரு பக்கம் ரப்பர் மூடி, மறுபக்கம் ரப்பர் பை. பைக்குள் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் விட தாவீது நிற்பான். தாவீது முன்பு கவரைப்பேட்டைப் பக்கம் பண்ணை வயலில் கூலிக்கு இருந்தவன், இப்போது சூளைக்கும் சிலிண்டருக்கும் அவன்தான் பொறுப்பு. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் அரை வட்டம் சுற்றும்வரை துலுக்காணம் அந்தப் பையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து விட வேண்டும். "மூச்சு முட்னா கையத் தூக்குண்ணா, ஒடனே கயட்டிடுறேன்" என்று ஒவ்வொரு தடவையும் தாவீது சொல்வான். துலுக்காணம் ஒரு தடவையும் தூக்கியதில்லை. முதலில் வந்த ஈடுகள் நிஜமாகவே நன்றாக இருந்தன. வேலை செய்கிற குருணை சூடாகும், மடியில் வைத்த டப்பா இளஞ்சூட்டில் இருக்கும், அவன் ராஜா மாதிரி சாய்ந்துகொள்வான்.

வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்த செண்பகம் என்கிற அம்மாவிடம் தணிகாசலம் மாதிரிச் சரக்கைக் கொடுத்திருந்தார். அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். குருணை உதிர்கிறது, தூள் குழாயில் ஏறி நோயாளியின் நெஞ்சை அரிக்கிறது, இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன், அதற்குமேல் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்றால் வேறு ஆஸ்பத்திரி எதுவும் தொடாது. கொட்டகையை மூட வேண்டியதுதான்.

தணிகாசலத்தைவிட இது பச்சையம்மாவுக்குத்தான் அதிகமாகச் சுட்டது. சுட்ட சுண்ணாம்பில் காஸ்டிக் சோடா சேர்த்து மாவு பிசைகிற பெண்களுக்கு இப்போது அவள்தான் தலைவி.

"உதுருதாமே? எங்கூட்டு சுண்ணாம்பு உதுருதாமா?" என்று கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். "இந்த ஈடு உதுரட்டும், நான் பேரை மாத்தி வெச்சிக்கிறேன்."

சுண்ணாம்புச் சூளைக்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு நல்ல சுண்ணாம்பு என்றால் இடித்த சுண்ணாம்பு. சுவருக்குப் பூசுகிறதை இடிக்க இடிக்கத்தானே வழவழப்பு வரும், கல்லாக இறுகும்? கையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, உலக்கையைத் தூக்கி, பெண்களெல்லாம் மாற்றி மாற்றி இடித்தார்கள். அப்படி இடிக்கும்படி யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. தகட்டில் பிழிந்து உலர்த்திச் சலித்து வந்த குருணை முத்து முத்தாகப் பளபளத்தது. தரையில் போட்டால் டக்கென்று குதித்தது, ஒரு தூள் உதிரவில்லை. தணிகாசலம் அதில் கொஞ்சம் எடுத்துப் பொடி செய்து கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்த்தார். காரம் கொஞ்சமும் குறையவில்லை. "பச்சையம்மா, நீ பொழைச்சிக்கிட்டே, நானும் பொழைச்சிக்கிட்டேன்" என்றார் மனுஷன், கண் கலங்கி. பச்சையம்மா அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஈட்டை வைத்துத் துலுக்காணம் நாற்காலியில் உட்கார்ந்தான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டப்பா சூடானது. பெரிய முள் கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சூடு மெல்ல ஆறத் தொடங்கியது. அவன் அதைக் கவனிப்பதற்கு முன்பே நெஞ்சு கவனித்துவிட்டது. நெற்றிப்பொட்டில் துடித்தது, காது மடல் கொதித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காற்றுக்கு நெஞ்சு ஏங்கியது. இது அவனுக்குப் புதுசா என்ன? ஏரி அடியில் தினம் தினம் பார்த்த பழைய சிநேகிதன். மூச்சை அவசரப்படுத்தாமல் எப்படி இழுக்க வேண்டும், முகத்தில் காட்டாமல் எப்படி இருக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். நாற்காலியின் கைப்பிடியை அடிமண்ணைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டான்.

கையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் கதவருகே பச்சையம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடித்த ஈடு. அதை அவன் எப்படிக் கெட்டது என்று சொல்வான்? கடிகார முள் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. மூடியைக் கழற்றியதும், "ஏ ஒன்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலையில் தணிகாசலம் தலைகால் புரியாத சந்தோஷத்தில் சென்னைக்கு ரயில் ஏறினார். டாக்டரம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் வருகிறேன், அவர் கண் முன்னாலேயே சோதனையைக் காட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சையம்மாவுக்கு மட்டும் மனசு சரியில்லை. முந்தின நாள் வீட்டுக்கு வந்ததும் புருஷன் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். கண் இரண்டும் செவேலென்று இருந்தது. முங்கப் போன காலத்தில் அதிக நேரம் உள்ளே கிடந்துவிட்டு வருகிற நாட்களில்தான் அந்தக் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். காலையில் நாஷ்டாவையும் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டான். தாவீதிடம் போய் விசாரித்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. டப்பாதான் நேத்து சீக்கிரம் ஆறிப்போச்சு" என்றான் அவன், ஏதோ டீ ஆறிப்போன மாதிரி.

"எனக்கு ஒரு தபா மாட்டிவுடு."

"இன்னாக்கா நீ, இதுக்கு உனக்குச் சம்பளம் கெடயாது."

"மாட்றா, பேசிக்கினே நிக்காத."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். துலுக்காணம் குழாயடியில் இருந்தான். நேற்று அவன் மூச்சு விட்ட டப்பாவைக் கவிழ்த்து, அதே ஈட்டிலிருந்து புதுக் குருணையை நிரப்பி, தாவீது அவளுக்கு மூடியை மாட்டினான். நாலு வாசல் கோலம் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. பச்சையம்மாவின் இரண்டு கையும் ஒன்றாக மேலே போயின. தாவீது கழற்றுவதற்குள் அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். கொஞ்சம் தெளிந்ததும் நேராகக் குழாயடிக்குப் போனாள்.

"இன்னாய்யா, எனக்கு முட்டுச்சே, உனக்கு முட்டலயா?"

துலுக்காணம் வாளியைக் கீழே வைத்தான். "நீ எதுக்கு அத்தயெல்லாம் மாட்டிக்கினே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. முட்டுச்சா இல்லயா?"

"முட்டுச்சு. அதுக்கு இன்னா இப்போ? நான் தாங்கிக்கினேன்ல?"

"நீ தாங்குவே. ஆஸ்பத்திரியில படுக்குறவ தாங்குவாளா?" பச்சையம்மா அவன் எதிரே போய் நின்றாள். "உனக்காவது தூக்கறதுக்குக் கை கீது. மயக்கத்துல கெடக்குறவ எந்தக் கையத் தூக்குவா, சொல்லு. செத்தாலும் கொரலு கூட வராதுய்யா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இப்படி ஓர் ஆள் இருப்பதே அவன் நினைப்பில் வரவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலி, கடிகாரம், கதவருகே நின்ற பச்சையம்மா. அவ்வளவுதான்.

"உங்கையால இடிச்ச சரக்கு" என்றான் கடைசியில். "அத்தனை பேரு பாத்துக்கினு கீறாங்க. நான் எப்டி பச்சே அத்தக் கெட்டதுன்னு சொல்றது?"

பச்சையம்மா ரப்பர் உறை போட்டும் காரம் ஏறி வெந்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முன்னால் வருவது என்று இரண்டுக்கும் சண்டை. கோபம் ஜெயித்தது.

"எம்மேல அவ்ளோ ஆசை கீதுன்னா ஊட்ல காட்டு, இங்க காட்டாத. மொதலாளி வந்ததும் நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சாயங்காலம் வருவார்கள் என்று பார்த்தால், டாக்டரம்மா மத்தியானமே கிளம்பி வந்துவிட்டார். சாயங்காலம் அவருக்கு ஆபரேஷன் இருக்கிறதாம், சீக்கிரம் போக வேண்டுமாம். தணிகாசலம் இறங்கியதுமே, "துலுக்காணம் எங்கே? நாற்காலியைப் போடுங்க, குருணையை மாத்தி வையுங்க" என்று கூச்சல் போட்டுக்கொண்டே வந்தார். யாரிடமும் எதையும் சொல்ல இடமே இல்லை. பச்சையம்மா புருஷனைப் பார்த்தாள். அவன், "நீ சும்மா இரு, நான் ஒக்காந்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கும் விளங்கவில்லை.

டாக்டர் செண்பகம் நடுத்தர வயசுக்காரர். கண்ணாடி போட்டிருந்தார், அதிகம் பேசவில்லை. நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். தாவீது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். மூடி ஏறியது. முள் நகர்ந்தது.

டப்பா சூடானது. சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சூடு ஆறத் தொடங்கியது. அந்தப் பழைய சிநேகிதன் வந்து நெஞ்சில் உட்கார்ந்தான். துலுக்காணம் அடிமண்ணைப் பிடித்தான். நேற்றைப் போலவே இன்றைக்கும் தாங்கிவிடலாம், அதில் சந்தேகமே இல்லை. முள் வந்து சேர்ந்ததும் டாக்டரம்மா தலையாட்டுவார், தணிகாசலம் அவனைக் கட்டிக்கொள்வார், சரக்கு மூட்டை மூட்டையாகச் சென்னைக்குப் போகும். பச்சையம்மா தலைவியாகவே இருப்பாள், அவன் ராஜாவாகவே இருப்பான். அப்புறம் எங்கோ ஒரு மேஜை மேல் எவளோ ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு படுப்பாள். அவளை யார் தாங்கச் சொல்வது? முங்கத் தெரியாதவளைத் தண்ணீருக்குள் பிடித்து அமுக்குவதும் இதுவும் ஒன்றுதானே?

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தனக்காக வந்த பயம் இல்லை.

கை கனத்தது. கிளிஞ்சல் கூடையைவிடக் கனத்தது. கதவருகே பச்சையம்மா அசையாமல் நின்றாள். துலுக்காணம் கையைத் தூக்கினான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தாவீதுக்குக்கூட உடனே உறைக்கவில்லை, இவன் ஏதோ ஈயை ஓட்டுகிறான் என்று நினைத்துவிட்டான். டாக்டரம்மாதான் எழுந்து மூடியைக் கழற்றினார்.

"முட்டுதுங்க" என்றான் துலுக்காணம். அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். "நேத்தும் முட்டுச்சு. நான்தான் சொல்லாம உட்டுட்டேன்."

தணிகாசலம் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா அவரைப் பார்க்காமல், மூடியைத் துடைத்துத் தானே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார். கழற்றினார். துலுக்காணத்தின் நாடியைப் பிடித்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"நேத்து முழுசா உட்கார்ந்தீங்களா, இதுலயா? என்ன தொழில் பண்ணிட்டிருந்தீங்க முன்னாடி?"

"கிளிஞ்சலுக்கு முங்குறதுங்க."

அந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மிஸ்டர் தணிகாசலம், இவரை உட்கார வெச்சதே தப்பு. இவருக்கு முட்டுறதுக்குள்ள சாதாரண ஆள் மேல போய்ச் சேர்ந்துடுவார். தாங்குற ஆள் வேண்டாம். சட்டுனு முட்டுற ஆளா வேணும்."

பிறகு தன் பையிலிருந்து கப்பல் குருணை கொஞ்சம் எடுத்து, பக்கத்திலேயே பச்சையம்மாவின் முத்துக் குருணையையும் வைத்து, இரண்டின் மேலும் பேனாவைத் திருகி ஒவ்வொரு சொட்டு மை விட்டார். கப்பல் குருணை மையை உறிஞ்சிக்கொண்டது. முத்துக் குருணையின் தலையில் மை அப்படியே உருண்டையாக உட்கார்ந்திருந்தது, பிறகு வழிந்து ஓடியது.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரம் நிறைய இருக்கணும். காத்து அதுல நுழைஞ்சு போனாத்தான் உள்ள இருக்கிற சுண்ணாம்பும் வேலை செய்யும். இதுல மேல்தோல் மட்டும் வேலை செஞ்சுட்டு நின்னுடுது."

"நான் பொடி பண்ணிப் பார்த்தேனே" என்று முனகினார் தணிகாசலம். சொல்லி முடிப்பதற்குள், பொடி செய்தால் உள்ளே இருப்பதெல்லாம்தான் திறந்துகொள்ளுமே என்று அவருக்கே புரிந்துவிட்டது.

பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இட்லி சுடச் சொன்னா நான் கொழக்கட்டை புடிச்சி வெச்சிருக்கேன்" என்றாள். "இடிச்சது நான்தான் டாக்டரம்மா. உதுரக்கூடாதுன்னு இடிச்சேன். இன்னொரு தபா பாக்க முடியுமா?"

டாக்டர் செண்பகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என்று சொன்னவர்தான். "கையைத் தூக்கினாரே உங்க வீட்டுக்காரர், அதுக்காக வரேன்" என்றார். "அடுத்த மாசம்."

அந்த ஒரு மாதம் கொட்டகையில் பட்ட பாடு கொஞ்சமா? இடிக்காமல் விட்டால் உதிர்ந்தது. கொஞ்சம் இடித்தால் இறுகியது. வெயிலில் உலர்த்தினால் வெடித்தது. தணிகாசலம் ஒன்று சொல்வார், பச்சையம்மா ஒன்று செய்வாள். இரண்டு பேரும் கத்திக்கொள்வார்கள், மாவு பிசைகிறவர்களில் ஒருத்தியான கங்கம்மாள் நடுவில் புகுந்து டீ கொடுப்பாள். தண்ணீரைக் கூட்டி, மாவை ஒன்று சேருகிற அளவுக்கு மட்டும் பிசைந்து, உலக்கை பக்கமே போகாமல் பிழிந்து, முதலில் நிழலிலும் பிறகு சூளையோரத்து இளஞ்சூட்டிலும் உலர்த்தி, உதிர்ந்த தூளை முறத்தில் புடைத்துத் தள்ளினார்கள். பார்க்க அழகாகவே இல்லை. சொரசொரவென்று, அம்மை வடு விழுந்த மாதிரி இருந்தது. மை விட்டால் மட்டும் சட்டென்று குடித்தது.

துலுக்காணத்துக்கு அந்த மாதம் பெரும் பேஜாராகக் கழிந்தது. நாற்காலி போய்விட்டது. மறுபடியும் கிளிஞ்சல் கொட்டினான். தாவீது ஒருநாள் வாய் தவறித் தவக்களை என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். துலுக்காணம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஆமாண்டா, அதுக்கு இன்னா இப்போ?" என்றான். அவனுக்கே ஆச்சரியம், கோபம் வரவில்லை. வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

சட்டென்று முட்டுகிற ஆள் யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. சூளைப் புகையில் இருமுகிறவள், நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவள் பச்சையம்மாதான். டாக்டரம்மா சொன்னபடி வந்ததும் அவளைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தாவீது சிலிண்டர் பக்கம் போனான். துலுக்காணம் அவனைத் தள்ளிவிட்டு, "நான் நிக்குறேன்" என்றான்.

மூடி ஏறியது. இத்தனை வருஷம் தன் மூச்சைப் பற்றிக் கவலையே படாதவன், அவள் மூச்சை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பை உப்பியது, இளைத்தது. மறுபடி உப்பியது. "முட்டுதா பச்சே?" என்றான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் போனது. "முட்டுனா சொல்லு, ஒடனே கயட்டிடுறேன்." அவள் முறைத்தாள். டாக்டரம்மா டப்பாவைத் தொட்டுப் பார்த்து, சூடாகவே இருக்கிறது என்பது போல் தணிகாசலத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தணிகாசலம் திருத்தணி முருகனைத் தவிர வேறு யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முள் இன்னும் வந்து சேரவில்லை. பச்சையம்மாவின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது.

துலுக்காணத்துக்கு உலகமே இருண்டுவிட்டது. "பச்சே!" என்று அலறிக்கொண்டு மூடியைப் பிய்த்து எறிந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். டாக்டரம்மா பாய்ந்து வந்து நாடியைப் பிடித்தார், நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

பச்சையம்மா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னாத்துக்குய்யா எயுப்புனே?" என்றாள் எரிச்சலாக. "ஒரு மாசமாத் தூக்கம் இல்ல. இப்பத்தான் சொகமா கண்ண சொக்கிக்கினு வந்துச்சு."

டாக்டர் செண்பகம் அவள் கையை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். "நல்ல தூக்கம்தான். நாடி அப்படியே இருக்கு, நிறமும் மாறலை. மூச்சு முட்டினா இப்படித் தூங்க வருமா? எனக்கு இது போதும், மிஸ்டர் தணிகாசலம். முதல் சரக்கு எப்ப அனுப்புவீங்க?"

தணிகாசலம் திருத்தணி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், எது எதற்கு என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். துலுக்காணம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பெண்டாட்டியின் வெந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அட, அயுவாதய்யா. அந்த மூடிய எடு" என்றாள் பச்சையம்மா. "இன்னும் முள்ளு வந்து சேரல."

"போதும்மா, நான் பார்த்துட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்குப் போதுங்க. படுக்கப் போறவளுக்குப் போதுமா?" என்று சொல்லிவிட்டு, பச்சையம்மா கையை நீட்டினாள். துலுக்காணம் எழுந்து போய் மூடியைப் பொறுக்கி, வேட்டித் தலைப்பில் துடைத்து, இந்தத் தடவை தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டு, கடிகாரத்தை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.